மணிக்கூட்டுச் சாச்சி

சரியான நேரமே காட்டாத மணிக்கூடுகளை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே ஆட்டிப் படைத்தவர், புத்தளம் கரையில் எங்கள் மணிக்கூட்டுச் சாச்சி ஒருவர்தான். என் உம்மாவின் தங்கை, தில்லையடியில் வீடு. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

யாராவது பழைய அலுமாரியை ஒதுக்கினால் போதும், சாச்சி அங்கே நிற்பார். அந்தக் காலத்துப் பெண்கள் கட்டிய, பாசிப்பயறளவு முகமுள்ள கைமணிக்கூடுகள்தான் குறி. பக்கத்திலுள்ள பொடிக் குமிழை நகத்தால் முறுக்கினால்தான் ஓடும். முழங்கை வரை கட்டியிருப்பார்.

"பெற்றரி போட்டா அது மணிக்கூடா? டோர்ச்சு!" என்பார்.

நோன்பு காலத்தில் யாராவது நேரம் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "எதுல பார்த்துச் செல்ல? தங்கப் பட்டியிலயா, கறுத்தப் பட்டியிலயா?" இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். கேட்டவர் பேசாமல் பள்ளிவாசல் பாங்குக்கே காத்திருப்பார்.

இந்த மனுசியிடம்தான் என் கலியாணம் மாட்டிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இனிப்புக்கு வட்டிலப்பம் கொடுத்து முடிந்ததும், ஒரு மணிக்கூட்டைக் கழற்றி மாப்பிள்ளையின் உம்மாவிடம் நீட்டுவார். "கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன். நேரத்தப் பார்த்துச் செல்லுங்களேன்." அது வேண்டுமென்றே முறுக்காமல் விட்டது, எப்போதோ நின்றுபோனது. பொடி முள் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, அவர்கள் வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்வார்கள். படியிறங்கியதும் தீர்ப்பு வரும்: "பொய் செல்ற ஊட்டுக்குப் புள்ள குடுக்கேலா!" எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சில்லை. இப்படியே வந்த சம்பந்தமெல்லாம் போயிற்று. எனக்கும் அதில் கவலையில்லை.

பிறகு எத்தாளை ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வெங்காயத் தோட்டக்காரர். ஒரு கலியாண வீட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் சோற்றுச் சஹன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவருடைய உம்மாவோ, தெரியாது என்று ஆயுளில் சொல்லாத மனுசியாம். யா அல்லாஹ்!

அவர்கள் வந்திருக்கும்போது பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னது. கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன சாச்சி, மணிக்கூடுகளைக் கழற்றி உள்ளறை மேசையில் வைத்தார். விடுவேனா! நின்றுபோனதை எடுத்து, மருதாணி விரலால் முறுக்கி, போனைப் பார்த்து நேரத்தைச் சரியாக்கினேன். குமிழ் வழுக்கிக்கொண்டே இருந்தது.

தொழுதுவிட்டு வந்த சாச்சி வழக்கம்போல் நீட்டினார். எத்தாளை உம்மா தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"மூண்டரை தாண்டிட்டு" என்றார்.

சரியான நேரம்! சாச்சி அதைப் பறித்துக் காதில் வைத்தார். கண் விரிந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் வட்டிலப்பத்தில் கஜுப் பருப்பு எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ராத்தா," என்று என் உம்மாவைக் கூப்பிட்டார். "இத்தன பேர் வந்து போனாங்க, ஒருத்தருக்கும் இது ஓடல்ல. இண்டைக்கு ஓடுது. இது தானா ஓடுற சாமானா? புள்ளைக்கு மாப்பிள்ளையப் புடிச்சிட்டு. நாளக் குறிங்க!"

கலியாணத்துக்குப் பிறகு மாமியார் என் காதில் சொன்னார்: "எனக்கு முள்ளே தெரியல்ல மகள். பாங்கு சென்னத வச்சி ஒரு குத்துமதிப்பாச் சென்னேன்." சாச்சிக்கு இதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

அந்த மணிக்கூடு இப்போது என் கையில். தினமும் காலையில் சாச்சியின் போன் வரும். சுகம் கேட்கமாட்டார். "முறுக்கினியா?" அவ்வளவுதான். ஒருநாள் உண்மையிலேயே மறந்துவிட்டேன் என்றேன். பகல் சோற்றுக்கு முன்பே கல்பிட்டி பஸ்ஸில் எத்தாளைக்கு வந்து இறங்கிவிட்டார். "நீ ஒழுங்கா முறுக்கமாட்டா" என்று தானே முறுக்கினார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சாச்சியோ பின்னேரம் வரை இருந்து, என் தலையை வாரிவிட்டுத்தான் போனார்.

இப்போதெல்லாம் சாச்சியைப் பார்க்க ஆசை வந்தால், நன்றாக ஓடும் மணிக்கூட்டைக் காதில் வைத்துக்கொண்டே சொல்வேன்: "இல்ல சாச்சி, இண்டைக்கும் மறந்துட்டேன்."