சந்தாபுரா மண்டபத்தில் என் ரீடர் வாசித்தது

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு வியாதி இருக்கிறது. எழுதியது ஒரு தடவை ஒழுங்காக ஓடிவிட்டால் போதும், நாலு பேரைக் கூட்டிவைத்துக் காட்டாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. எனக்கு அந்த வியாதி முற்றிப்போய், நாலு பேருக்குப் பதில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களைக் கூட்டிவைத்துக் காட்டினேன்.

அப்போது நான் ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிது. அதே ஆபீஸில் அருண். காதல். (எப்படி ஆரம்பித்தது என்றெல்லாம் கேட்காதீர்கள். கேன்டீனில் எல்லாருக்கும் ஆரம்பிப்பது போலத்தான்.) அவன் வீட்டார் தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர் மல்லேஸ்வரத்துத் தமிழர்கள். அப்பா அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் நின்றால் அருண் தன் பெயரைச் சொல்லவே யோசிப்பான். இந்த லட்சணத்தில், அவன் தங்கை கல்யாணம் முடிந்த கையோடு மைசூரிலிருந்து அவனுக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் அவன் எங்கள் விஷயத்தை வீட்டில் சொல்லியாக வேண்டும். சத்தியமாகச் சொல்ல மாட்டான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உங்கப்பாவை நான் அசத்தறேன். அப்புறம் நீ என் பேரைச் சொன்னா போதும், தலையாட்டிடுவாரு" என்றேன்.

என் திட்டம் அப்படி! தங்கையின் ரிசப்ஷனில், விருந்தாளிகள் போனில் அனுப்பும் வாழ்த்துகளை என் புரோகிராம் பெரிய திரையில் ஓடவிட்டு, ஸ்பீக்கரில் சத்தமாக வாசிக்கும். அதன் உயிரே ரீடர் என்கிற ஓர் இன்டர்ஃபேஸ்தான். இன்டர்ஃபேஸ் என்றால் ஓர் ஒப்பந்தம், அவ்வளவே. 'அடுத்த எழுத்தைக் கொடு' என்று கேட்டால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வரும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்து கோப்பிலிருந்து வருகிறதா, யாருடைய போனிலிருந்து வருகிறதா என்றெல்லாம் அது விசாரிக்கவே விசாரிக்காது. ஐயோ, அந்த அழகில் நான் சொக்கிப்போயிருந்தேன்! "எங்கேருந்து குடுத்தாலும் படிக்கும்!" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க, விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும் எழுத்து தேவைப்பட்டது. ஆபீஸ் கண்ணில் படாமல் நானும் அருணும் பேசிக்கொள்ள நானே செய்துவைத்திருந்த சாட் கைவசம் இருந்தது. அதையே ரீடருக்குக் கொடுத்தேன். ஜோராகப் படித்தது. ரிசப்ஷனுக்கு முன்னால், சாட்டைக் கொடுத்திருந்த அந்த ஒரு வரியை மாற்றி, வாழ்த்துகள் வந்து சேரும் இடத்தைக் கொடுக்க வேண்டும். மகாராணி என்ன செய்தேன்? திரையில் எழுத்து ரோஸ் நிறத்திலா தங்க நிறத்திலா என்று மத்தியானம் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரியைத் தொடவேயில்லை.

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் சந்தாபுரா தாண்டிப் பெரிய மண்டபம். ஓசூர் உறவு, மல்லேஸ்வரத்து உறவு எல்லாம் வந்து நிறைந்திருந்தது. அருண் சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி கவனித்துக்கொண்டிருந்தான். லேப்டாப்பை மேடையோரம் வைத்து, பட்டனைத் தட்டிவிட்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி அருணின் அப்பா.

திரை காலி. சத்தமே இல்லை. போனை எடுத்து அருணுக்குத் தட்டினேன்.

"ஏன் பேச மாட்டேங்குது?" என்றது ஸ்பீக்கர், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்! நான் தட்டியதுதான் அது என்று உறைக்கவேயில்லை. யாரோ அனுப்பிய வாழ்த்து என்று நினைத்து, மறுபடியும் அருணுக்குத் தட்டினேன்.

"யாரோ ஒரு லூசு வாழ்த்து அனுப்பாம கேள்வி கேக்குது. உங்கப்பா இதுக்கும் சிரிக்கல. சஸ்பெண்ட் ஆர்டர் குடுக்கற மாதிரியே உக்காந்திருக்காரு."

மண்டபம் முழுக்க மணிமணியாகக் கேட்டது. மாற்றாமல் விட்ட வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் லேப்டாப்பை மூட வேண்டியதுதானே? புத்தி வேலை செய்யவில்லை, கை வேலை செய்தது.

"டேய் அருண், நம்ம சாட்டை மைக்ல படிக்குதுடா, எதுவும் அனுப்பாதே!" என்று ஸ்பீக்கர் கதறியது.

பந்தி இரைச்சலில் அவனுக்கு எதுவும் காதில் விழவில்லை. நான் அனுப்பியதை முழுசாகப் படிக்கவுமில்லை. அவன் பாட்டுக்கு அனுப்பினான். "அப்பா நல்ல மூட்ல இருக்காரா? மைசூர் பொண்ணு வேணாம்னு இன்னிக்கே சொல்லிடறேன். உன்னைத் தவிர யாரையும் கட்டிக்க மாட்டேன், செல்லம்."

செல்லம் என்பதை அந்தக் குரல் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னது தெரியுமா! மேடையில் கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து மேடைப்பக்கம் ஓடினேன். அதற்குள் அருணின் அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"செல்லம் நீதானா?"

"சாரி அங்கிள்..."

"அந்த போனைக் குடு."

கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் தட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆம்பூருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று நிஜமாகவே யோசித்தேன்.

ஸ்பீக்கர் வாய் திறந்தது. "அருண், எல்லாருக்கும் ஊட்டா பரிமாறி ஆச்சுன்னா மேடைக்கு வா. மைசூர்க்காரங்களுக்கு நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

விசில் பறந்தது! சாம்பார் வாளியோடு வந்து நின்ற அருணைப் பார்த்து அவர் சொன்னார், "பொறந்ததுலேருந்து எனக்கு இது வேணும்னு நீ வாயைத் திறந்து கேட்டதேயில்லை. மெஷினை வெச்சாவது கேட்டியே." குரல் கொஞ்சம் உடைந்தது. பிறகு என்னிடம் திரும்பி, "இர்லி பிடும்மா, அழாதே" என்றார். இருக்கட்டும் விடு என்று கன்னடத்தில் ஆறுதல். நான் அதற்குத்தான் ஓவென்று அழுதேன்.

எங்கள் கல்யாணத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு ஒரு தாம்பூலப் பையை லேப்டாப்பின் மேலும் வைத்தார் மாமனார். "சம்பந்தம் பேசி முடிச்சதே அதுதானே?" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அறிமுகம் வேறு. இப்போது அந்த லேப்டாப் ஓடுவதில்லை. பழைய சாமான்காரனிடம் போடலாம் என்று நான் வாயெடுத்தால் போதும், வீட்டில் எல்லாரும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஏனென்றால் மாமனார் மட்டும் சிரிக்காமல் சொல்வார்: "கல்யாணம் பண்ணிவெச்ச பெரியவங்களை வீட்டை விட்டு அனுப்பக் கூடாதும்மா."