ஆராய்ச்சிக்கு வெட்டிய கிடா

மல்லசமுத்திரம்,
சேலம் மாவட்டம்.
12.6.1984

சென்னை, குடும்ப மருத்துவ ஆராய்ச்சி உதவிக் கமிட்டியின் காரியதரிசி ஐயா அவர்கள் சமூகத்துக்கு, மல்லசமுத்திரம் விவசாயி நாச்சிமுத்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சம்சாரம் கண்ணாத்தாளும் மாடு கன்றுகளும் அர்த்தநாரீசுவரர் புண்ணியத்தில் சுகம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் கமிட்டிப் பெரியவர்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை இல்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை, உங்களைத் தவிர.

என் மகன் டாக்டர் அர்த்தநாரிக்கு நீங்கள் போட்ட கடிதத்தை நானும் படித்தேன். 'தங்கள் விண்ணப்பம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டார்கூட ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். அந்த மரியாதைகூட உங்களுக்குத் தெரியவில்லை. அவன் படித்த கையோடு டிராயரில் கிடந்த, வேலைக்கு அழைத்த லிபியா ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். உங்கள் உதவி கிடைத்தால் இங்கேயே இருப்பேன், கிடைக்காவிட்டால் லிபியா போவேன் என்று முன்பே சொன்னவன்தான். எங்களுக்கு ஒரே பையன். அன்றிலிருந்து கண்ணாத்தாள் அடுப்பைப் பற்றவைக்கும்போதும் அழுகிறாள், அணைக்கும்போதும் அழுகிறாள். எனக்கு அழத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். அவனுக்கு இது தெரியாது.

அவன் அப்படி என்ன கேட்டுவிட்டான்? எங்கள் பக்கம் கறிக்கும் மருந்துக்கும் ஆகாது என்பார்கள். கஷாயத்துக்கு இருந்த பத்தியத்தை இங்கிலீஷ் மாத்திரைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். ரத்தக் கொதிப்புக்காரர்கள் மாரியம்மன் பண்டிகை வந்தால் மாத்திரையை மாடத்தில் போட்டுவிட்டுக் கறிக்கு உட்காருவார்கள். பண்டிகை முடிந்த வாரத்தில் ஒருவருக்கு வாய் கோணும், இன்னொருவருக்குக் கை கால் விழும். போன பண்டிகையில் எங்கள் தோட்டத்து ஆராயி அப்படித்தான் விழுந்தாள். "நான் குடுத்த மாத்திரை மாடத்துல கெடக்குதுங்கப்பா, ஆராயி கட்டில்ல கெடக்கறா" என்று வந்து சொன்னவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பண்டிகைக்கு முன்னும் பின்னும் கொதிப்பை அளந்து, எத்தனை பேர் நிறுத்துகிறார்கள், நிறுத்தாமல் இருக்க என்ன சொல்ல வேண்டும் என்று கண்டுபிடிக்க நினைத்தான். அவன் கேட்ட தொகைக்கு ஒரு நல்ல எருமை வராது. நானே தருகிறேன் என்றேன். "அப்பங் காசுல பண்ணுனா அது ஆராய்ச்சி இல்லீங்கப்பா, வேண்டுதல்" என்றுவிட்டான்.

இதற்கு நீங்கள் கேட்ட கேள்விகள்! முதலில், நிறுவனத் தலைவர் கையொப்பம் வேண்டும் என்றீர்கள். அவன் ஆஸ்பத்திரியில் அவனும் கம்பவுண்டரும்தான். கட்டடம் என் பேரில் இருப்பதால் நான் போட்டேன். உடனே தலைவரின் படிப்பு என்ன, அவர் வெளியிட்ட கட்டுரைகள் எவை என்று கேட்டு எழுதினீர்கள். ஐந்தாம் வகுப்பு என்றும், நான் இதுவரை வெளியிட்டவை என் மகள் கல்யாணப் பத்திரிகையும் மாரியம்மன் பண்டிகை நோட்டீசும் என்றும் உண்மையைத்தான் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. பிறகு, இதே விஷயத்தில் வெளிநாட்டில் நடந்த ஆராய்ச்சிகளைக் காட்டு என்றீர்கள். ஐயா, மல்லசமுத்திரத்து மாரியம்மனுக்கு வெட்டுகிற கிடாவைப் பற்றி லண்டனில் எவன் எழுதியிருப்பான்? எவனாவது எழுதியிருந்தால் என் மகன் எதற்கு உங்களிடம் கையேந்துகிறான்? முன்பே தெரிந்ததைக் கண்டுபிடிப்பதற்குத்தான் பணம் தருவீர்கள் போலிருக்கிறது. இதையெல்லாம் எட்டுப் பிரதி டைப் அடிக்க அவன் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு நடையாய் நடந்தான். அங்கே காத்திருந்த நேரத்தில் இங்கே எத்தனை பேர் காய்ச்சலோடு வாசலில் காத்திருந்தார்கள் என்று உங்கள் விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

கடைசியாக, நேரில் பார்க்க ஒரு பேராசிரியரை அனுப்பினீர்கள். அவர் என்னமோ நல்ல மனுஷர்தான். வீடு தேடி வந்தவரை வெறும் சோறு போட்டு அனுப்பினால் எங்களுக்கு ஊரில் தலை காட்ட முடியுமா? அர்த்தநாரி அவரை அழைத்துவரச் சேலம் ஜங்ஷன் போயிருந்தான். அவன் இருந்தால் வேண்டாம் என்பான். அதனால் அந்த நேரம் பார்த்து, மண்டிக்கடை பக்ருதீன் பாயைப் பிடித்து நல்ல மேச்சேரிக் கிடாவாக இரண்டு வாங்கி, அவர் ஆளையே வைத்து அறுத்தேன். பாயும் என் மகனிடம் கொதிப்புக்கு மாத்திரை வாங்குகிறவர்தான். ஆராய்ச்சிக்குப் பேர் கொடுத்த அத்தனை பேரையும் முதல் நாளே வீடு வீடாகப் போய் அழைத்திருந்தேன். பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். உங்கள் பேராசிரியரும் நல்லியை உறிஞ்சியதை நான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் அவர் ஏற்காடு பார்க்கப் போனார். நாலு நாள் குளுகுளுவென்று இருந்துவிட்டு இறங்கி வந்து, ஒவ்வொருவர் கையிலும் கொதிப்பு அளக்கும் பட்டையைச் சுற்றினார். எல்லாருக்கும் கொதிப்பு ஏறிக் கிடக்கிறதாம். "மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டார். "தவறாமப் போடறோமுங்க சாமி" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அர்த்தநாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்கப்பா, யாராச்சும் மாத்திரைய நிறுத்திப்போட்டாங்களா?" என்றான். "டாக்டர் ஊட்டு விருந்துக்கு எவனாச்சும் நிறுத்துவானா? பத்தியமெல்லாம் கோயில் கிடாவுக்குத்தான்" என்றேன். உங்கள் ஆள் ஊருக்குப் போய், இந்த டாக்டரின் வைத்தியத்தில் கொதிப்பு குறைவதே இல்லை என்று எழுதிவிட்டார், அதன் நகலும் உங்கள் கடிதத்தோடு வந்தது. என் உப்பைத் தின்று என் பையன் தலையில் கல்லைப் போட்டார்.

பட்டையில் கோளாறு, அல்லது பார்த்தவர் கண்ணில் கோளாறு. எங்கள் ஊர் ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. இதை எழுதும்போதே எனக்குப் பிடரி வலிக்கிறது, கண் இருட்டுகிறது, எழுத்து கோணலாகப் போகிறது, எல்லாம் உங்களால். உங்கள் கமிட்டியை விட எங்கள் வாரச் சந்தைத் தரகர்கள் மேல். துண்டுக்குள் விரலைப் பிடித்தாலும் மாட்டின் பல்லையாவது பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இனி உங்கள் பணமும் வேண்டாம், பேராசிரியரும் வேண்டாம்.

கமிட்டிப் பெரியவர்களுக்கு என் வணக்கம். சிறியவர்கள் யாராவது இருந்தால் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நாச்சிமுத்து (நிறுவனத் தலைவர்)

பின்குறிப்பு: நேற்றுக் கையெழுத்துப் போட்டு எழுந்தவன் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணாத்தாள் போட்ட சத்தத்தில் அர்த்தநாரி ஓடி வந்து பட்டையைச் சுற்றினான். ஏறிய பாதரசம் இறங்குவேனா என்றது. "எப்பப்பா மாத்திரைய நிறுத்துனீங்க?" என்றான். கண்ணாத்தாள்தான், "கிடா வெட்டறதுக்கு மொத நாளே நிறுத்திப்போட்டாரு சாமி. மிச்சக் கறிய உப்புக்கண்டம் போட்டனல்லோ, அது தீரட்டும்னு இன்னும் தொடாம இருக்கறாரு" என்று போட்டு உடைத்தாள். ஆமாங்க. விருந்து வைக்கிற நானே மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மற்றவர்கள் எப்படி நம்பிக் கை நனைப்பார்கள்? நான் நிறுத்தியதைப் பார்த்துத்தான் பாயும் நிறுத்தினார், பாயைப் பார்த்து ஊரே நிறுத்தியிருக்கிறது. வந்த விருந்தாளியிடம் அதைச் சொல்ல எல்லாருக்கும் கூச்சம். அர்த்தநாரி அப்போதே வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு வந்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கடிதம் வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் லிபியாவுல உக்காந்து என்னத்தங்கப்பா பண்ணுவேன்?" என்றான். அதற்கப்புறம் எனக்கும் அழத் தெரிந்துவிட்டது.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கொதிப்பு எழுதியது என்று வைத்துக்கொள்ளவும். உங்கள் பேராசிரியர் பட்டை சரி, கண்ணும் சரி. கறிக்காக மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு எவ்வளவு ஏறும் என்று என் மகன் தேடியதைத்தான் அவர் தெரியாமலே அளந்து எழுதியிருக்கிறாராம். மறுபடியும் எட்டுப் பிரதி அடிக்கச் செவ்வாய்ப்பேட்டை போயிருக்கிறான். லிபியாவுக்கு இன்னும் பதில் போடவில்லை. நான் இன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டு, அதன் மேலேயே உப்புக்கண்டமும் தின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இதையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம், நிறுவனத் தலைவரின் மூன்றாவது வெளியீடு.