சனீஸ்வரன் வளையத்தைத் தொலைத்த சரஸ்வதி பூஜை

சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த நான், ஒரு சரஸ்வதி பூஜையன்று, அதுவும் சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினெட்டுப் பேரை வரிசையில் நிறுத்தி அவரை நேருக்கு நேர் பார்க்க வைத்தேன். அதற்கு அவர் எனக்குச் செய்தது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அப்போது எனக்கிருந்த திமிருக்கு அது கம்மி.

அறுபத்தாறாம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவிகள் உடைக்கிற கண்ணாடிக் குழாய்களுக்கெல்லாம் பதில் சொல்கிற உத்தியோகம். (நடையைப் பார்த்தால் மின்சாரத்தையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று தோன்றும்.) அடுத்த ஜூனில் மெட்ராஸ் போய் எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அத்தை சரின்னா சரிம்மா" என்று நழுவிவிட்டார்.

சிவகாமி அத்தை அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தார். எங்கள் வீட்டுக்கு அவர்தான் ஹைகோர்ட், மேலே அப்பீல் கிடையாது. துறையூரில் ரைஸ்மில் வைத்திருந்தவரின் ஒரே பையனை எனக்கென்று மனதுக்குள் முடித்தே வைத்திருந்தார்.

"நாலு வருஷம் படிச்சியே, அதுல என்னத்தைக் கண்ட? எனக்கு ஒண்ணு காட்டு, பாக்கலாம்" என்றார் அத்தை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

"சனி கிரகத்தைச் சுத்தி ஒரு வளையம் இருக்கு அத்தை. அதைக் காட்டறேன். காட்டிட்டா என்னை மெட்ராஸ் அனுப்பணும்."

"காட்டலைன்னா?"

"துறையூருக்குக் கழுத்தை நீட்டறேன். ஜாதகம்கூடப் பாக்க வேண்டாம்."

அந்த வளையத்தை நான் அதுவரை பார்த்ததுண்டா? கிடையாது. புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. கல்லூரியில் ஒரு பித்தளை டெலஸ்கோப் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது பீரோவிலிருந்து எடுத்துத் துடைப்பார்கள், போனதும் உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். பூஜை லீவுக்கு அதைக் கெஞ்சி வாங்கி, நீளமான மரப்பெட்டியோடு பஸ்ஸில் ஏறினேன். "வீணையாங்க? கொலுவுல கச்சேரியா?" என்று கேட்டார் கண்டக்டர். நான் பதில் சொல்லவில்லை. விஞ்ஞானிகள் கண்டக்டர்களுக்குப் பதில் சொல்வதில்லை என்று ஒரு நினைப்பு.

கொலு ஆரம்பித்த அன்றே ஐப்பசி மழையும் ஆரம்பித்தது. பகலெல்லாம் பளிச்சென்று வெயில் அடிக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மலைக்கோட்டைப் பக்கம் கருகருவென்று திரண்டு, காவிரியைத் தாண்டி வந்து எங்கள் மாடியில் கொட்டும். கொலு பார்க்க வந்தவர்கள் குடையை மடக்கி, சுண்டலை வாங்கிக்கொண்டு, "எங்கம்மா சனி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு வைத்திலிங்கம், ரிட்டையரான ஹெட்கிளார்க், தினமும் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்.

"என்ன சாரதா, சனிக்கு இன்னிக்கும் கேஷுவல் லீவா?"

கடைசியில் சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் வானம் கழுவி விட்டாற்போல் ஆனது. நான் குதித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினால், அங்கே புத்தகங்கள், அப்பாவின் பேனா, அம்மாவின் அரிவாள்மணை எல்லாம் பட்டுத்துணி போர்த்திப் பூஜையில் இருக்கின்றன. பக்கத்திலேயே டெலஸ்கோப், முன்கண்ணாடியின் நட்ட நடுவில் எட்டணா அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமுமாக!

"அத்தை! பூஜையில வெச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாதே!"

அத்தை கொஞ்சம் யோசித்துத் தீர்ப்பு வழங்கினார். "புஸ்தகத்தைத்தான் தொடக் கூடாது, அது படிக்கறது. இது பாக்கறதுதானே? எடுத்துக்கோ."

ஏழரை மணிக்கு மாடி நிரம்பிவிட்டது. (ஏழரைக்கு வாருங்கள் என்று சனியைக் காட்டக் கூப்பிட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.) தெற்கே பாதிக்கு மேல் வளர்ந்த நிலா. திருவானைக்காவல் பக்கம் பாதி வானம் ஏறி, மஞ்சளாகச் சிமிட்டாமல் நின்றார் சனி. "மொதல்ல நிலாவைக் காட்டேண்டி, அழகா இருக்கு" என்றார் அம்மா. "நிலாவெல்லாம் ஒண்ணாங் கிளாஸ் பாடம்மா" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, வளையத்தைப் பற்றி இருபது நிமிஷம் பிரசங்கம் செய்தேன்.

பிறகு கண்ணை வைத்தேன். வானமே மசமசவென்று இருந்தது. குங்குமம்! முந்தானையால் அழுந்தத் துடைத்தேன். (லென்ஸைத் துணியால் துடைக்கக் கூடாது என்று மாணவிகளுக்கு வாரம் ஒருமுறை பாடம் எடுப்பவள் நான்தான்.) மறுபடி பார்த்தேன். சனி வந்தார். உருண்டையாக, சுத்தமாக வந்தார். வளையம் இல்லை.

திருகினேன். இல்லை. அந்தப் பக்கம் திருகினேன். இல்லவே இல்லை.

"தள்ளு" என்று வந்தார் அத்தை. அதற்கென்றே இன்னொரு தரம் குளித்திருந்தார். டெலஸ்கோப்புக்கு நேரே நிற்காமல் ஒருக்களித்து நின்று, கண்ணை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உருண்டையா இருக்கு. வளையம் எங்கேடி?"

"நல்லாப் பாருங்க அத்தை."

"நல்லாத்தான் பாக்கறேன். உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதே!" என்று கூசாமல் புளுகினேன்.

அடுத்து வந்த இரண்டு மாமிகள் பாவம் பார்த்து, "ஆமா, ஆமா, லேசா தெரியுது" என்றார்கள். மூன்றாமவர் இரண்டு வளையம் என்றார். வைத்திலிங்கம் மட்டும் ஒரே நிமிஷத்தில் நிமிர்ந்துவிட்டார். "கொண்டைக்கடலை மாதிரி இருக்கு. தீபாவளி வருதில்ல, வளையத்தை அடகு வெச்சிருப்பாரு!" மாடியே சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கீழே ஓடினேன். என் வானியல் புத்தகம் பட்டுத்துணிக்குள் நாலாவதாக இருந்தது. கை வைத்ததுதான் தாமதம், படியிலிருந்து குரல் வந்தது.

"சாரதா! கையை எடு!"

"ஒரே ஒரு பக்கம் அத்தை. எங்க தப்புன்னு பாத்துடறேன்."

"நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும்." அவ்வளவுதான். அப்புறம் அப்பாவிடம் சாதாரணமாகக் கேட்டார்: "தம்பி, துறையூருக்கு எப்ப லெட்டர் போடலாம்?"

அன்றிரவு காதில் ரைஸ்மில் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. புனர்பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் உரக்கப் படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெற்றிலைபாக்கு வாங்கிக்கொள்ளத் தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், வைத்திலிங்கம் உள்பட. அப்பா பஞ்சாங்கம் படித்தார். அம்மா தன் சமையல் நோட்டிலிருந்து அதிரசப் பாகுப் பதம் படித்தார். என் முறை வந்தது. சனியின் அத்தியாயத்தைப் பிரித்து, இங்கிலீஷில் கடகடவென்று படித்துக்கொண்டே போனவள், மூன்றாவது பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட? தமிழ்ல சொல்லு" என்றார் அத்தை.

சொன்னேன். "சனியோட வளையம் ரொம்ப மெலிசு. பதினஞ்சு பதினாறு வருஷத்துக்கு ஒரு தடவை அது நமக்கு நேரா, விளிம்பு மட்டும் தெரியற மாதிரி திரும்பும். அப்ப சின்ன டெலஸ்கோப்புல கண்ணுக்கே தெரியாது. கடைசியா அப்படி மறைஞ்சது அம்பதாம் வருஷம்." விரல் விட்டு எண்ணினேன். பிறகு கத்தினேன். "இந்த வருஷம்தான் அத்தை! அதான் நேத்து தெரியலை!"

என் தோளுக்கு மேலாகப் பக்கத்தை எட்டிப் பார்த்த அப்பா, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். "பரீட்சைக்கு வராது."

கையெழுத்து என்னுடையது. அந்தப் பத்தியையே கோடு போட்டு அடித்துவிட்டிருந்ததும் நானே. முதல் நாள் மாடியில் சிரித்ததெல்லாம் ஒரு சிரிப்பா? அன்று கூடம் இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். எனக்கே தாங்காமல் சிரித்துவிட்டேன்.

அத்தை சிரிக்கவில்லை. "அப்ப நேத்து நான் பாத்தது, பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கறது?"

"ஆமா அத்தை."

"வளையத்தோட?"

"எப்ப வேணா பாக்கலாம்."

வருஷத்துக்கு ஒரு நாள் திறக்கிற சொர்க்கவாசலுக்காக விடிய விடியக் கூட்டம் காத்துக் கிடக்கிற ஊர் எங்களுடையது. பதினைந்து வருஷம் என்றால் என்ன என்று அத்தைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? அடகும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க அவசரப்பட்டு எறங்கிட்டீங்க. நான் நின்னு நிதானமாப் பாத்தேன்."

அன்று சாயங்காலம் மழை வரவில்லை. மாடிப்படியில் தொடங்கிய வரிசை தெருமுனை வரை போயிற்று. வைத்திலிங்கம் நாலாவதாக நின்றார். இரண்டு வளையம் பார்த்த மாமி மறுபடி பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட இல்லை!" என்று சத்தியம் செய்தார். இல்லாத வளையத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் எவ்வளவு திருப்தியாக இறங்கினார்கள் தெரியுமா! யாராவது வளையம் தெரிகிறது என்றிருந்தால் அத்தை அடித்தே இருப்பார். என் தலை மலைக்கோட்டை உயரத்துக்குப் போயிருந்தது.

கூட்டம் கலைந்ததும் நானே போய் ஒப்புக்கொண்டேன். "பந்தயப்படி வளையத்தைக் காட்டலை அத்தை. தோத்துட்டேன்."

"தோத்ததுதான். வாய்க்கொழுப்புல பந்தயம் கட்டின, தோத்த" என்றார். "ஆனா பரீட்சைக்கு வராதுன்னு நீ விட்டதே இப்படி இருக்கே! மெட்ராஸ் போ. விட்டதையெல்லாம் ஒழுங்காப் படிச்சுட்டு வா."

துறையூருக்கு லெட்டர் போயிற்று, பெண் இன்னும் படிப்பை முடிக்கவில்லை என்று. ஜூனில் திருச்சி ஜங்ஷனில் என்னை ரயிலேற்ற வந்தது அத்தைதான்.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். எத்தனையோ மாணவிகளுக்கு வளையத்தோடு சனியைக் காட்டினேன், பளிச்சென்று. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கல்யாணத்தில் யார் என்னை அறிமுகப்படுத்தினாலும், அன்று ஜங்ஷனில் முன்பின் தெரியாத பிரயாணிகளிடம் அத்தை ஜன்னல் வழியாகச் சொன்னதைத்தான் அவர் குரலிலேயே சொல்லிச் சிரிக்கிறார்கள்:

"வளையத்தைக் காட்ட ஊர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க. இல்லாததைக் காட்டினவ எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்திதான்!"