ஒரம்பரை கையில் மண்வெட்டி

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் ஏராளம். உபசாரத்தால் மாட்டிக்கொண்டவன் அநேகமாக நான் ஒருவன்தான். என்னோடு சேர்ந்து ஒரு வகுப்பே மாட்டிக்கொண்டது என்பதும், அதில் ஒருவனால் கடைசிவரை எழுந்திருக்கவே முடியவில்லை என்பதும்தான் இதில் சிரிக்க முடியாத பகுதி.

எழுபதுகளில் நான் சித்தூரில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது என் தரப்பு. வாத்தியார்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.) அந்த வருஷம் ஓர் அறிவிப்பு வந்தது. ஊர்ப்பொதுவேலையில் இத்தனை மணி நேரம் உழைத்த மாணவர்களுக்கு யூனிவர்சிட்டி கிராண்ட் தரும்; கடைசி வருஷப் படிப்பு முழுக்க அதில் ஓடிவிடும். முகாமை எங்கே போடலாம் என்று பொறுப்பு சார் கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கியவன் நான்.

"எங்க ஊர்ல ஒரு குளம் தூர்ந்து கெடக்குதுங்க சார்."

குளத்தின் மேல் இருந்த அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். விடுதி சாம்பாரிலிருந்து தப்பி அம்மா சுடும் கச்சாயம் தின்ன வேண்டும், வடகரப்பதிப் பக்கம் எங்கள் தோட்டம் எவ்வளவு பெரியது என்று பயல்களுக்குக் காட்ட வேண்டும். இந்த இரண்டும்தான் என் சமூக சேவை.

எங்கள் வகுப்பில் அந்த கிராண்டை நம்பி நிஜமாகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் செல்லையா. மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டுக்காரன். அவன் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். முகாமுக்குப் போகும் பஸ்ஸில் அவன் என்னிடம் சொன்னான்: "ஏல நாச்சிமுத்து, இந்த கிராண்டு கெடைக்கலன்னா எனக்கு பாக்டரிதாம்ல. அடுத்த வருசம் நீங்கள்லாம் பரீச்சை எழுதும்போது நான் கொழுந்து மூட்டை தூக்கிட்டு நிப்பேன்."

"அட போடா, குளத்தத்தானே வெட்டறோம், எமனையா?" என்றேன் நான்.

எமன் எங்கள் அப்பா உருவத்தில் வந்தார்.

முதல் நாள் காலை எல்லோரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு குளத்தில் இறங்கி நின்றோம். எங்களை இறக்கிவிட்ட பொறுப்பு சார் அடுத்த ஊர் முகாமைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவர் தலை மறைந்ததும் அப்பாவும் மாமன்மாரும் பங்காளிகளும் கரைமேல் வந்து நின்றார்கள். ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்த விருந்தாளி. அவன் கையால் ஒரு துரும்பை நகர்த்தவிட்டாலும் அந்த வீட்டுக்காரன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"ஏனுங்க தம்பிகளா, ஒரம்பரை கையில மம்பட்டியக் குடுத்துப்போட்டு நாங்க கரையில நின்னு வேடிக்கை பாக்கறதா? ஊரு காறித் துப்பாதுங்களா?" என்று அப்பா மளமளவென்று இறங்கி, ஒவ்வொருவன் கையிலிருந்தும் மண்வெட்டியை வாங்கினார். அன்றைக்கு ஊரே குளத்தில் இறங்கியது. நாங்கள் புளியமரத்தடிக்கு ஏறினோம். இளநீர் வந்தது. கச்சாயம் வந்தது. மத்தியானம் கோழி வந்தது. சாயங்காலம் பொறுப்பு சார் வந்து, வெட்டிய குளத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய், ஆளாளுக்கு மணிக்கணக்கை எழுதிக்கொண்டு போனார். முகாம் முழுக்க இதே கதைதான்.

செல்லையா மட்டும் அடங்கவில்லை. விடிகாலையில் யாருக்கும் முன்னால் எழுந்துபோய் வெட்டத் தொடங்குவான். எப்படியோ மோப்பம் பிடித்து அப்பா போய்விடுவார்.

"ஐயா, நான் வெட்டுதேன்யா. எனக்கு வெட்டணும்யா."

"நீ குளிர்ல வளந்த மலைப் பையன் கண்ணு. இந்த வெயிலு உனக்கு ஆகாது. போயி காப்பித்தண்ணி குடி, போ சாமி."

காரணத்தை அவரிடம் சொல்ல அவனுக்குக் கூச்சம். சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொன்னால் அப்பா என் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவாரே! "விட்றா, பெரியவர் சந்தோஷப்படறாரு" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த இளநீரைச் சீவினேன்.

கடைசி நாள், யூனிவர்சிட்டியிலிருந்து பரிசோதனைக்கு ஓர் அதிகாரி காரில் வந்தார். குளம் பளிச்சென்று இருந்தது. அவருக்கு மகா சந்தோஷம். சலவைச் சட்டையில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்து, "பசங்க நல்லா வேலை செஞ்சாங்களா?" என்று கேட்டார்.

அப்பாவின் காதில் அது குற்றச்சாட்டாக விழுந்தது. பதறிப்போய்விட்டார்.

"ஐயையோ, என்னங்க இப்பிடிக் கேட்டுப் போட்டீங்க! எங்கூரு தேடி வந்த புள்ளைங்கள வேலை செய்ய உடுவமுங்களா? ஒரு கூடை மண்ணு தொடலீங்க அவிய. என்ற பையனக்கூட உடலீங்க. எல்லாம் நாங்களே வாரிப்போட்டமுங்க."

போதாததற்கு என் மாமாவும், "இளநிதானுங்க, நல்லாக் குடிச்சாங்க" என்று சாட்சி சொன்னார்.

பொறுப்பு சார் "ஈஸ்வரா!" என்று தலையில் கைவைத்தார். நான் செல்லையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மொத்த முகாமின் மணிக்கணக்கும் அன்றே ரத்தானது.

விஷயம் புரிந்ததும் அப்பா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்து பொறுப்பு சார் முன்னால் நின்றார். வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமே இல்லாத மனிதர், பஸ்ஸில் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"சார், பசங்கதானுங்க வெட்டுனாங்க. நான்தான் பெருமைக்குப் பொய் சொல்லிப் போட்டனுங்க."

சார் நல்ல மனிதர். பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்றுதான் கேட்டார்: "அந்தச் செல்லையா எந்தப் பக்கம் வெட்டினான்? அதையாவது சொல்லுங்கோ."

அப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். "அவன் தெக்கால வெட்ட வந்தானுங்க... தெனமும் வந்தானுங்க... நான்தானுங்க புடுங்கிப் போட்டேன்" என்று சொன்னவர், துண்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். என் அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மணிக்கணக்கு ரத்தானது ரத்தானதுதான்.

கடலை விற்று உன் படிப்புக்கு நான் கட்டுகிறேன் என்று அப்பா செல்லையாவிடம் கெஞ்சினார். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் மூணாறுக்குக் கிளம்பியபோது நான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். "வருத்தப்படாதல. ஒங்க வீட்டுக் கோழி ருசியா இருந்துச்சு" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நான் அடுத்த வருஷம் அப்பா காசில் பரீச்சை எழுதி, மூன்றாம் வகுப்பில் தேறினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முறையே தலைகீழாகிவிட்டது. எந்த வாலிபப் பையன் வீட்டுக்கு வந்தாலும், தண்ணீர்ச் செம்புக்கு முன்னால் அப்பா அவன் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார். "ரெண்டு வெட்டு வெட்டிப்போட்டு வா சாமி, அப்புறம் உக்காரலாம்." என் தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பட்டு வேட்டியோடு தென்னைக்குப் பாத்தி கட்டினார். (கட்டிவிட்டுத்தான் பஜ்ஜி தின்றார். கல்யாணமும் நடந்தது.) இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால், "மம்பட்டி எங்கடா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா இருந்தவரை அவர் மட்டும் அதற்குச் சிரித்ததில்லை.

அப்பா இறந்தபோது தந்தி கிடைத்து செல்லையா வந்தான். தலை நரைத்து, பாக்டரி வேலையில் தோள் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் தோட்டத்திலேயே அடக்கம். குழிக்கு மண் தள்ளும் நேரத்தில் யாரையும் கேட்காமல் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். அந்த இளநீர் மாமா பழக்கதோஷத்தில், "நீங்க ஒரம்பரைங்க, குடுங்க" என்று கையை நீட்டினார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

மண் மூடி முடியும்வரை செல்லையா அந்த மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.