அழைப்புமணிக்குப் பதவி உயர்வு

கோபத்தில் பாதியை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படிக்கப்போகும் சித்திக்கு, அக்காள் மகன் பணிவோடு (நம்புங்கள்) எழுதுவது.

உலகோர் அறியவேண்டிய செய்தி: எங்கள் வீட்டு அழைப்புமணிக்குப் பதவி உயர்வு கிடைத்துள்ளது. இனி அது கதவுக்காக அடிக்காது, அம்மாவுக்காக அடிக்கும்.

நீங்கள் கூப்பிட்ட பஸ் பயணத்துக்கெல்லாம் அம்மா வர மறுத்தது திமிரால் அல்ல சித்தி. தும்மினாலோ சிரித்தாலோ ரெண்டு சொட்டு கசிந்துவிடுமாம். நான் பிறந்ததிலிருந்தே, அதாவது பதினைந்து வருடமாக! நான் ஜோக் சொல்லும்போதெல்லாம் அவள் குளியலறைக்கு ஓடியது ஜோக்கின் தரத்தால் என்றல்லவா நினைத்திருந்தேன்? போன மாதம்தான் வெட்கத்தை விட்டு பிசியோதெரபிஸ்டிடம் போனாள். "இடுப்புக்கு அடியில ஊஞ்சல் மாதிரி ஒரு தசை எல்லாத்தையும் தாங்குதும்மா. பிள்ளை பெத்ததுல தளர்ந்திருக்கு. சிறுநீரை அடக்குற மாதிரி அஞ்சு எண்ணி இறுக்குங்க, அஞ்சு எண்ணி விடுங்க. மூச்சை மட்டும் பிடிக்காதீங்க" என்றாராம் அவர்.

அம்மாவுக்கோ மறதி. ஆகவே மணி அடித்தால் இறுக்கவேண்டும் என்று சட்டம் போட்டு, மணியடிக்கும் அதிகாரியாக நானே பொறுப்பேற்றேன். பயிற்சிக் காகிதத்தில் 'தம்பதியருக்கு' என்றிருந்த கடைசிப் பத்தியை நான் எட்டிப் பார்ப்பதற்குள் அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆம்பளைங்களுக்கும் இந்தத் தசை உண்டாம்ல" என்று மறுநாளே அவரும் சேர்ந்துவிட்டார். எனக்கெதற்குப் பயிற்சி? என் தசை இரும்புக் கதவு.

இன்று காலை பார்சல்காரர் மணியடித்தார். நான் கதவைத் திறந்தேன். உள்ளே துடைப்பத்தோடு அம்மா சிலை. வாயில் பிரஷோடு அப்பா சிலை.

"தம்பி, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?"

"அஞ்சு எண்ணட்டும், இருங்கண்ணே."

மிரண்டுபோய்ப் பின்வாங்கியவரின் முழங்கை மறுபடி மணியில் பட்டது. மறுபடி சிலை!

அப்போதுதான் அம்மா சிரித்தாள் சித்தி. வாய்விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் ஓடாமல். சிரித்து முடித்து, "டேய், ஒரு சொட்டுகூட இல்லடா!" என்றாள். எல்லாம் என் நிர்வாகத் திறமை. அடுத்த பயணத்துக்கு அவளுக்கு ஜன்னலோர சீட்டு போடுங்கள்.

சித்தப்பாவின் முதுகுவலிக்கும் தங்கச்சியின் ஆடும் பல்லுக்கும் நலம் விரும்பும்,
மணி அதிகாரி

பி.கு.: 'ஒரு சொட்டுகூட இல்லை' என்பது அம்மாவுக்கு மட்டுமே பொருந்தும். அவள் சிரித்ததைப் பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்ததில், கால்சட்டையை மாற்றிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இன்றிலிருந்து மணியடிப்பவள் அம்மா. அடிப்பது எனக்காக.