காத்தாடி அண்ணாச்சி மாட்டிய ஃபுட்ரெஸ்ட்

கையில் எடுத்த பொருளைத் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கீழே போடாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் ஆரல்வாய்மொழியில், எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். ரேஷன் கார்டில் ஏதோ பெயர் இருக்கும். ஊருக்கு அவர் காத்தாடி அண்ணாச்சி.

காற்றாலையை எங்கள் பக்கம் காத்தாடி என்றுதான் சொல்வோம். அண்ணாச்சி அதில் ஏறிப் பழுது பார்ப்பவர். இருநூற்றைம்பது அடி உயரத்திலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவினால் கீழே நிற்பவன் கதி அதோகதி. அதனால் அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கயிறு உண்டு. கயிற்றின் மறுமுனை ஆளின் மணிக்கட்டில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக இப்படியே வேலை பார்ப்பவருக்கு, சாயங்காலம் கீழே இறங்கிய பிறகும் தரையில் நிற்கிறோம் என்ற நம்பிக்கை வரவில்லை. செல்போனுக்குக் கயிறு, கண்ணாடிக்குக் கயிறு, குடைக்குக் கயிறு. ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத் தம்ளரைச் சுற்றி அவர் விரல் எதையோ தேடியதை நானே பார்த்தேன்.

அவர் வீட்டில் பல்பு மாற்றுவது ஒரு திருவிழா. முதலில் மெயினை அணைப்பார். ஸ்டூலைச் சுற்றிக் கொடி கட்டுவார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, “மேல ஆள் இருக்கு, யாரும் கீழ வராண்டாம்” என்று மூன்று முறை அறிவிப்பார். ஸ்டூலின் உயரம் இரண்டு அடி. வீட்டில் வேறு யார் என்றால், அவர் மனைவி மட்டும்தான்.

“இவரு முருங்கைக்கா பறிச்சுத் தாறதுக்குள்ள அது முத்தி விதையாயிரும்” என்பார் அந்த அக்கா.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தவன்தான். என் வண்டி அவர் கைக்குப் போகும்வரை.

என் மனைவி செல்விக்குப் பூதப்பாண்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்த நேரத்துக்குத் தோதாகப் பஸ் கிடையாது. நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன். எங்கள் கணவாய்க் காற்றோ லாரிக்காரனையே யோசிக்க வைப்பது. போன மாதம் ஒரு வளைவில் அந்தக் காற்று எங்களைத் தள்ளியது. பின்னால் செல்வியின் இடது கால் ஃபுட்ரெஸ்டிலிருந்து நழுவிவிட்டது. அவள் என் சட்டையைப் பிடித்திருந்ததால் சட்டை கிழிந்தது, ஆள் தப்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், “நான் வேலையை விட்டுருகேன். இனி என்னால வண்டியில ஏற முடியாது” என்றாள்.

அவள் அழவில்லை, கோபப்படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வலிக்காமல் ஊசி குத்துகிறவள் என்று நாலு ஊரில் பெயர் வாங்கியவள் அவள். ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினேன்.

குனிந்து பார்த்தால், இடது ஃபுட்ரெஸ்ட் ஆடிய பல் மாதிரி ஆடியது. புதிதாக ஒரு ஜோடி வாங்கினேன். மாற்றுவது எப்படி என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பத்து நிமிட வேலையாம். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் உட்கார்ந்து ஸ்பேனரைக் கையில் எடுத்ததுதான் தாமதம், எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

“மக்கா, தொடாத.”

அண்ணாச்சி முழு அலங்காரத்தோடு வந்தார். ஹெல்மெட், கையுறை, இடுப்பு பெல்ட். பெல்ட்டின் கொக்கியை எங்கள் வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வேலை நடக்க வேண்டிய இடம் தரையிலிருந்து ஒரு அடி உயரம்.

“சாவி?”

கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டாவது சாவி?”

“அது எதுக்கு அண்ணாச்சி? நாம ஃபுட்ரெஸ்டுதான மாத்துகோம்?”

“வேலை செய்யவன் பையிலதான் எல்லாச் சாவியும் இருக்கணும். எங்க சைட்ல அதுதான் சட்டம்.”

அதையும் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஹேண்டில்பாரில் ‘ஆள் வேலையில் இருக்கிறார், இயக்காதே’ என்று ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. வண்டிக்கு அடியில் வெள்ளை வேட்டி விரிந்தது. எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவருபவர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார்.

ஆனால் ஃபுட்ரெஸ்டை வண்டியோடு கோர்த்திருக்கும் அந்த இரும்புப் பின்னை அவர் கழற்றிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். அந்த மூட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் மிளகளவு ஒரு இரும்புக் குண்டும் ஒளிந்திருக்கும். பின்னை உருவியதும் இரண்டும் தெறித்து ஓடும். வீடியோக்காரனே அதைத் தேடிப் பத்து நிமிடம் தவழ்ந்தான். அண்ணாச்சி இடது உள்ளங்கையைக் குவித்து அடியில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பின்னை மயிரிழை மயிரிழையாக இழுத்தார். குண்டு பழகிய கோழிக்குஞ்சு போலக் கைக்குள் வந்து உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

இரண்டு பழைய ஃபுட்ரெஸ்டுகளையும் வேட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு அரை மணி நேரம் புதியதைத் தொடவே இல்லை. பழையதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“வண்டி வாங்கி எத்தனை வருசம்?”

“நாலு.”

“இடது ரப்பர் தேஞ்சு வழுவழுன்னு இருக்கு. வலது ரப்பர்ல கம்பெனிக்காரன் போட்ட கோடு அப்படியே கெடக்கு. இதுல ஒருநாளும் கால் வச்சதில்ல. பாத்தியா?”

எனக்குப் புரியவில்லை. காப்பி கொண்டுவந்த செல்விக்குப் புரிந்துவிட்டது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“வலது கால் எட்டாதா மக்ளே?” என்று மெதுவாகக் கேட்டார் அண்ணாச்சி.

“எட்டாது அண்ணாச்சி.”

சின்ன வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து அவளுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. கூடியபோது அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. நடையில் லேசாகத் தெரியும். கல்யாணமான பத்தாம் நாளே எங்கள் வீட்டில் அதை எல்லோரும் மறந்துவிட்டோம். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் நாலு வருடமாக வலது கால் அந்தரத்தில் தொங்க, சைலன்சர் சூட்டுக்கு அதை ஒதுக்கிப் பிடித்து, ஒற்றைக் காலை மட்டும் ஊன்றி அவள் என் பின்னால் வந்திருக்கிறாள். அவள் பாரம் முழுவதும் தாங்கித்தான் இடது பக்கம் ஆடியிருக்கிறது. என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் காலைப் பத்தியேதான் கேட்டாங்க. இந்த வீட்டுல மட்டும் யாரும் கேக்கல. நானா எதுக்கு எடுத்து விடணும்னு இருந்துட்டேன்.”

நான் குனிந்து அந்த வலது ரப்பரின் கோடுகளைத் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிதான் காப்பாற்றினார்.

“முன்னால இருக்கவனுக்குப் பின்னால இருக்கவ கால் தெரியாது மக்கா. அது யார் குத்தமும் இல்ல. கழத்திப் பாத்தாத்தான் தெரியும். மக்ளே, நீ வண்டியில ஏறி இரி.”

டேப்பை எடுத்து அளந்தார். மூன்று முறை அளந்து மூன்றையும் எழுதிக்கொண்டார். வேலை அன்றோடு நின்றது. நான் அந்த வாரம் முழுக்க இருக்கை தாழ்ந்த ஒரு இரவல் ஸ்கூட்டரில், மெதுவாக உருட்டிக்கொண்டுதான் செல்வியைக் கொண்டுபோய் விட்டேன். சாவிகள் இரண்டும் அவர் பையிலேயே இருந்தன. கேட்டதற்கு, “வேலை முடியல்ல” என்றார்.

அடுத்த ஞாயிறு, ஆக்கர் கடையில் பழைய இரும்புக்கு நடுவே பொறுக்கிய ஒரு தடித்த பட்டையோடு வந்தார். அதை அறுத்து, ராவி, மூன்று உயரத்தில் மூன்று துளை போட்டிருந்தார். இடது பக்கம் புது ஃபுட்ரெஸ்டைப் பழைய இடத்திலேயே பொருத்தினார். பட்டையை வலது பக்கம் இறுக்கி, அதில் மற்றதை மாட்டினார். முதல் துளையில் மாட்டி செல்வியை உட்காரச் சொன்னார். கால் எட்டவில்லை. இரண்டாவதில் விரல் நுனி தொட்டது. மூன்றாவதில் பாதம் முழுசாகப் பதிந்தது. செல்வி அந்தக் காலை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.

“போதுமா மக்ளே?”

“போதும் அண்ணாச்சி.”

“போதும்னா போதாது. வண்டியை ஆட்டுகேன், இருந்து சொல்லு.”

கணவாய்க் காற்றுக்குப் பதிலாக அண்ணாச்சி வண்டியைப் பிடித்து ஐந்து நிமிடம் உலுக்கினார். செல்வி அசையவில்லை. அதன் பிறகுதான் சிவப்பு அட்டை இறங்கியது, சாவி என் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை வளைவு வந்தது, காற்றும் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். என் சட்டையில் பிடியே இல்லை. விழுந்துவிட்டாளோ என்று ஒரு கணம் பதறிக் கண்ணாடியில் பார்த்தேன். துப்பட்டாவை ஒதுக்கிவிட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி வந்தாள்.

“எதுக்கு உருட்டுகீங்க? கொஞ்சம் வேகமாப் போனா என்ன?” என்றாள்.

மலையோரம் வரிசையாகக் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாலைந்து மட்டும் சும்மா நின்றன. விடியுமுன்னே ஏறிவிடுகிறவர்கள் உண்டு; மேலே ஆள் வேலையில் இருந்தால் நிறுத்திவைத்துவிடுவார்கள். அதில் எதில் அண்ணாச்சி இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நாலைந்துக்கும் சேர்த்துத் தலையைக் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேகத்தைக் கூட்டினேன்.