மதராஸிலிருந்து பம்பாய்க்கு, கட்டுநாயக்கா வழி

றிஸ்மி டெக்ஸ்டைல்ஸ்,
பிரதான வீதி,
தெரணியகலை.
14.10.1999

மரியாதைக்குரிய மாமா அப்துல் ரஸாக் ஹாஜியார் அவர்களுக்கு மருமகன் றிஸ்மி எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். ஓப்பநாயக்கவில் தங்களுக்கும் மாமிக்கும் வீட்டிலுள்ள சகலருக்கும் தேக சுகத்தையும் மன நிம்மதியையும் அல்லாஹ் குறைவில்லாமல் தர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். எனக்கு இங்கே தேக சுகம் இருக்கிறது. மற்றது தங்கள் வீட்டில் இருக்கிறது.

நேற்று நான் தொலைபேசி எடுத்தபோதெல்லாம் எனது குரலைக் கேட்ட உடனே தாங்கள் ரிசீவரை வைத்துவிட்டீர்கள். அது தங்கள் உரிமை. குறையாகச் சொல்லவில்லை. தங்கள் சகோதரி றுகையா மாமி உம்றாவுக்குப் போன இடத்தில் ஜித்தாவில் இறங்கியதும் தங்களுக்கு எடுத்துச் சொன்ன செய்தியை இங்கே எல்லோரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள். அதாவது மருமகன் இந்தியாவுக்குச் சாமான் எடுக்கப் போகவே இல்லை, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குள் ஒரு தோட்டத்துப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு கையில் விஸ்கியோடு உட்கார்ந்திருந்தார் என்பது. புனித பூமியிலிருந்து வந்த செய்தி என்பதால் தாங்கள் அதை நம்பி, விடிந்ததும் வேன் அனுப்பி தங்கள் மகள் பஸ்லியாவையும் எனது மகள் றமீலாவையும் எடுத்துக்கொண்டதில் பிழையில்லை. ஆனால் அந்தச் செய்தியில் கட்டுநாயக்கா மட்டும்தான் உண்மை. மாமி பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். பார்த்த கோணம் சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், தயவுசெய்து கடைசிவரை வாசிக்க வேண்டும்.

தீபாவளி வியாபாரம் தங்களுக்குத் தெரியாததல்ல. தேயிலைத் தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கே சனம் கடைக்கு வரும், அப்போது அலுமாரியில் சாரி இல்லாவிட்டால் அப்படியே தெஹியோவிட்டைக்கு பஸ் ஏறிவிடும். அதனால்தான் மதராஸ் போனேன். அங்கே பருத்திச் சாரி நல்லபடியாகக் கிடைத்தது, நைலெக்ஸ் மட்டும் பம்பாயில்தான் மலிவு என்றார்கள். ரயிலில் இடமில்லை. மண்ணடியில் டிக்கெட் போடுகிற ஹலீம் பாய் என்று ஒருவர், நல்ல மனிதர், கம்பியூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிலோன் பாஸ்போர்ட்டா? இந்தியாவுக்குள்ள பறக்கணும்னா உங்களுக்கு டாலர் ரேட்டு பாய்" என்றார். அவர் சொன்ன தொகைக்கு நம்மட கடைக்கு ஒரு தையல் மெஷின் வாங்கலாம். நான் எழும்பிட்டேன். அவர் என்னைப் புடிச்சு உக்காத்தி வெச்சு, "கொழும்பு வழியா போனா பாதிதான் வரும்" எண்டார்.

"பாய், கொழும்பு எண்ட சொந்த நாடு. நான் அங்க ஈந்துதானே வந்தேன்."

"இருக்கட்டும். டிக்கெட்டுக்கு அது வெளிநாடு. வெளிநாட்டு டிக்கெட்டுல தள்ளுபடி கெடைக்கும். காலைல அங்க எறங்கி, வெளிய போகாம உக்காந்திருந்துட்டு, ராத்திரி பம்பாய் பிளேன்ல ஏறிக்குங்க."

சொந்த நாட்டுக்குள்ள வெளிய போகாம உக்காந்து ஈக்கிறதுக்குக் காசு கட்டின ஆள் ஒலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் ஈப்பேன் மாமா. அது அப்ப தோணல்ல. மிச்சம் புடிக்கிற சல்லியில இன்னொரு கட்டு சாரி எடுக்கலாம் எண்டுதான் தோணிச்சு. ஆகாயத்துல ஈந்து நீர்கொழும்புக் களப்பும் தென்னந்தோட்டமும் தெரிஞ்சப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்திச்சு. எறங்கின சனம் முழுக்க ஒரு பக்கம் போகுது, நான் மட்டும் மத்தப் பக்கம் திரும்பினேன். அங்க நிண்ட சிப்பந்தி ஒருத்தர், "மஹத்தயா, எளியட மெஹென்" எண்டு வெளிய போற வழியக் காட்டினார். நான் வெளிய போறல்ல, பம்பாய்க்குப் போறேன் எண்டேன். அவர் எண்ட பாஸ்போட்டையும் மொகத்தையும் பாத்துட்டு, சுகமில்லாத ஆளுக்கு வழி விடுற மாதிரி வழி விட்டார்.

அங்க கார்ட் போன் ஒண்டு ஈந்திச்சு. பஸ்லியாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுவோம் எண்டு எடுத்தேன். "எங்க ஈக்கிறீங்க?" எண்டு கேட்டா. "பம்பாய்க்குப் போற வழியில" எண்டு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். "பம்பாய்" எண்ட இடத்துல தலைக்கு மேல ஒலிபெருக்கியில ஒருத்தி சிங்களத்துல "ஆயுபோவன்" எண்டு தொடங்கிட்டா. "அது என்ன சத்தம்?" எண்டு பஸ்லியா கேக்கக் கேக்க கார்ட் முடிஞ்சிட்டு. பம்பாய்ல ஆயுபோவன் சொல்ற வழக்கமில்ல எண்டது அவவுக்கும் தெரியும்தானே. புதுக் கார்ட் வாங்கியீக்கலாம். வாங்கல்ல. மிச்சம் புடிக்க வந்த இடத்துல செலவழிக்க மனசு வரல்ல.

இப்ப அந்தப் பொம்பள விஷயம். அவட பேர் விஜயகலா. நம்மட கடைக்கு வாற பொம்பளதான், தோட்டத்து மேல் டிவிஷன்ல கொழுந்து எடுக்கிற சுமன்ட சம்சாரம். ஏஜென்சி மூலமா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போறா. அங்க ஒரு மூலையில, புதுச் சப்பாத்து காலக் கடிக்குதெண்டு கழட்டி மடியில வெச்சிக்கிட்டு, பேரக் கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாதெண்டு ஏஜென்சிக்காரன் சொன்னானாம், மெய்யாகவே அசையாம உக்காந்தீந்தா. என்னைக் கண்ட ஒடனே, "மொதலாளி, நீங்களும் குவைத்துக்கா?" எண்டு கேட்டா. இல்ல, பம்பாய்க்கு எண்டேன். "அது குவைத்துக்குப் பக்கத்துலங்களா?" எண்டா. நான் சாப்பிட வெச்சீந்த பணிஸ்ல பாதியும் ஒரு பிளேன்டீயும் வாங்கிக் குடுத்தேன். ஏஜென்சி வேன்ல நடுச்சாமத்துலயே ஏத்திட்டாங்களாம், கண்ணு சொருகுது. எனக்கும் அவவுக்கும் நடுவுல உள்ள சீட்டுல எண்ட கைப்பை ஈந்திச்சு. நல்லா உப்பின பை, மேல சால்வை ஒண்டு போட்டு வெச்சீந்தேன். அதுலதான் மாமா அவ தலையச் சாய்ச்சா. பின்னால ஈந்து பாத்தா அது எண்ட தோள் மாதிரித்தான் தெரியும். நானும் ஒருக்கா எழும்பிப் பின்னால போய்ப் பாத்தேன், அப்படித்தான் தெரியுது.

அந்த நேரத்துல உம்றாக் கூட்டம் வெள்ளையும் சள்ளையுமா உள்ள வருது, முன்னுக்கு றுகையா மாமி. எழும்பிச் சலாம் சொல்லியீந்தா எல்லாம் முடிஞ்சீக்கும். ஆனா மாமி கேக்கிற மொதல் கேள்வி, இங்க என்ன செய்றாய் எண்டுதானே. சல்லி மிச்சம் புடிக்க மதராஸ்ல ஈந்து பம்பாய்க்கு எண்ட நாட்டுக்கே வந்து குந்திட்டு ஈக்கிறேன் எண்டு, ஊர்க்காரங்க அத்தன பேருக்கு முன்னால எப்படிச் சொல்றது? வெக்கம். பக்கத்துல கெடந்த ஒரு கடதாசிய எடுத்து மொகத்துக்கு முன்னால விரிச்சுப் புடிச்சேன். நான் பாத்த பக்கம் சென்ட் போத்தல் படம். மாமி பாத்த பக்கம் விஸ்கிப் போத்தல் படம். அங்க உள்ள வரியில்லாக் கடைட விளம்பரம் அது. மாமிட கண்ணுல போத்தல் மட்டும் பட்டிட்டு, கடதாசி படல்ல.

குவைத் பிளேனுக்குக் கூப்பிட்டாங்க. விஜயகலாவ எழுப்பி, சப்பாத்த மாட்டச் சொல்லி, ஏறுற வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டேன். வரிசையில நிண்டவ திரும்பி வந்து, "மொதலாளி, பிளேனுக்குள்ள ஏறினப்புறம் எனக்கு வேணாம், எறங்கணும்னா யாருகிட்டங்க சொல்றது?" எண்டு கேட்டா. சப்பாத்த இறுக்கி மாட்டச் சொன்னேன். அவளே, "சரி, விடுங்க. புள்ளைங்கள பாத்தா அம்மா சிரிச்சிக்கிட்டே போனுச்சுன்னு சொல்லிருங்க" எண்டுட்டுப் போய்ட்டா.

பொழுது பட்டு நான் ஏறப் போனா, கவுன்டர்ல உள்ள பொம்பளப் புள்ள பாஸ்போட்டத் திருப்பித் திருப்பிப் பாக்குது. "சேர், உங்களுக்கு இந்தியாவுக்கு ஒரு தடவை போறதுக்குத்தான் விசா. அந்தத் தடவை முடிஞ்சுதே."

"நான் இன்னும் பம்பாய்க்கே போகல்லயே."

"இந்தியாவ விட்டு வெளிய வந்துட்டீங்களே, சேர்."

"வெளிய எங்க வந்தேன், காலைல ஈந்து இதுக்குள்ளதானே குந்தியீக்கிறேன்!"

என்னை ஏத்தல்ல. மதராஸ்ல எடுத்த பருத்திச் சாரி அவ்வளவும் உள்ள பெட்டிய ஏத்திட்டாங்க. பெட்டிக்கு விசா கேக்க மாட்டாங்கபோல. பொறகு வெளிய வாற மேசையில ஒரு உத்தியோகத்தர், சிங்களத்துல, எங்க ஈந்து வந்த எண்டார். மதராஸ். எங்க போற? பம்பாய். "ரெண்டும் இந்தியாதானே, நடுவுல ஏன் இங்க வந்த?" சல்லி மிச்சம் புடிக்க, சேர். அவர் அடுத்த மேசை ஆளக் கூப்பிட்டு, இதக் கேளு எண்டார். அவர் கேட்டுட்டு இன்னொருத்தரக் கூப்பிட்டார். ஒரு அறைக்குள்ள உக்காத்தி வெச்சாங்க. நாடு ஈக்கிற நிலமையில தமிழ் பேசுற ஒருத்தன் இப்படிச் சுத்திச் சுத்திப் பறந்தா கேக்கத்தான் செய்வாங்க, நான் கோவிக்கல்ல. ஆனாப் பயந்துட்டேன். கடைசியா வயசான ஒரு பெரிய தொரை, யட்டியாந்தோட்டைப் பக்கத்து ஆளாம், எல்லாத்தையும் முதல்ல ஈந்து கேட்டுட்டு, "பொய் சொல்றவன் இதவிட நல்லதாச் சொல்லுவான், இவன விடுங்க" எண்டு விட்டுட்டார்.

அண்டைக்கு ராவு கொழும்புப் புறக்கோட்டையில எண்ட கூட்டாளி முஹ்ஸின்ட கடையில படுத்தெழும்பி, மறுநாள் அந்தப் பிளேன் கம்பனிக் கந்தோருக்குப் போய் விசாரிச்சேன். பெட்டி சுகமாப் பம்பாய் போய்ச் சேந்திட்டு, திருப்பி அனுப்பப் பாக்கிறோம் எண்டாங்க. பின்னேரம் பஸ்ல தெரணியகலை வந்தா ஊடு பூட்டியீக்கி. பக்கத்துல அப்பக் கடை வெச்சீக்கிற மூக்காயி அக்காதான் சாவியத் தந்து, "மொதலாளியம்மா காலையிலயே வேன்ல போயிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" எண்டா. புள்ளட பால் போத்தல் கழுவிக் கவுத்தபடி அப்படியே ஈக்கி. அதப் பாத்துட்டு உள்ள போகல்ல, வாசல்லயே கொஞ்ச நேரம் குந்திட்டேன்.

அடுத்த நாள் யோகராஜ்ட த்ரீவீல புடிச்சு மேல் டிவிஷனுக்குப் போய், சுமனுக்கும் ரெண்டு புள்ளைகளுக்கும் விஜயகலா சொன்னதச் சொன்னேன். சின்னது, "நெசமாவே சிரிச்சிச்சா?" எண்டு கேட்டிச்சு. ஓம் எண்டேன். அவ சிரிக்கல்ல, அல்லாஹ் என்னை மன்னிக்கணும். சுமன் எனக்குத் தேத்தண்ணி தந்தான். வேணுமெண்டா அவனையே ஓப்பநாயக்கவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஒங்களுக்கு முன்னால நிறுத்துறேன். எண்ட பாஸ்போட், டிக்கட் மிச்சம் எல்லாம் கைவசம் ஈக்கி. காலைல ஈந்து இரவு வரைக்கும் நான் கட்டுநாயக்காவுக்கு உள்ளேயேதான் ஈந்தேன், ஒரு அடி வெளிய வைக்கல்ல எண்டதுக்கு அதவிடச் சாட்சி வேணுமா மாமா?

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, பஸ்லியாவிடம் இந்த விபரங்களைத் தங்கள் வாயால் எடுத்துச் சொல்லி, அவளையும் மகளையும் அனுப்பிவைக்கும்படி மிகப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். மாமிக்கு எனது சலாம். றுகையா மாமியின் உம்றாவை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக, அவரது கண்ணுக்கும் நல்ல ஒளியைக் கொடுப்பானாக. தங்கள் துஆவில் என்னையும், பம்பாயிலிருக்கும் எனது பெட்டியையும் சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
மு. றிஸ்மி

பி.கு.: மாமா, ஒட்டின கடிதத்தப் பிரிச்சு இதைத் தபால் கந்தோர்ல நிண்டு எழுதுறேன். போடுறதுக்கு முன்னால ஒருக்கா எடுத்துப் பாப்போம் எண்டு இங்க உள்ள போன்ல எடுத்தேன். நீங்க பள்ளிக்குப் போயீந்தீங்களாம், பஸ்லியாதான் எடுத்தா. நான் மூச்சு விடாம மேல உள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். சுமன்ட புள்ளைகளப் போய்ப் பாத்ததையும், நல்லவன் எண்டு தெரியட்டும் எண்டு, சொன்னேன்.

அவ சொல்றா: "றுகையா மாமிட கண்ணு எனக்குத் தெரியாதா? முந்தி ஒரு கலியாணத்துல மாப்பிள்ளைட வாப்பாவ மாப்பிள்ளை எண்டு நெனச்சவ. விஸ்கியையும் நம்பல்ல, பொம்பளயையும் நம்பல்ல. ஆயுபோவன் கேட்டதுமே நீங்க கட்டுநாயக்காவுல எண்டு தெரிஞ்சிட்டு. எப்படியும் வருவீங்க எண்டு சோறாக்கி வெச்சிட்டு, புள்ளையத் தூங்க விடாம வாசலப் பாத்துக்கொண்டு ஈந்தேன். நீங்க வரல்ல. அதுக்குத்தான் வேன்ல ஏறினேன்."

கட்டுநாயக்காவுல ஈந்து ஊட்டுக்குப் போய் வரவே முழு நாளும் போகும், வாசல்ல நிண்டு மொகத்தக் காட்டிட்டு அதே பஸ்லதான் திரும்பணும் எண்டேன். "காட்டிட்டுத் திரும்பியீந்தா என்ன? ஊரார்ட புள்ளைகளப் பாக்க மட்டும் தோட்டம் ஏறத் தெரியுது" எண்டுட்டு வெச்சிட்டா. ஒங்களப் போலவே வெக்கிறா.

அதால மாமா, மேல எழுதினத அவவுக்கு வாசிச்சுக் காட்ட வேணாம். நான் ஒரு அடி வெளிய வைக்கல்ல எண்டு எழுதின இடத்த முக்கியமாக் காட்ட வேணாம். கேக்கிற ஊராருக்கு மட்டும், கட்டுநாயக்காவுல மாமி கண்டது வேற யாரோ எண்டே நீங்களும் சொல்லுங்க. நாளைக்கு விடியக் காலை அவிசாவளையில மாறி, இரத்தினபுரியில மாறி, ஒங்கட வாசலுக்கு வாறேன். உள்ள கூப்பிட வேணாம், மொகத்த மட்டும் காட்டுறேன். இந்தக் கடிதம் வந்து சேர முந்தி நான் வந்துடுவேன், அதால இதக் கிழிச்சுப் போட்டுடலாம் எண்டுதான் நெனச்சேன். ஆனா முத்திரை ஒட்டிட்டேன். வீணாக்க மனசு வரல்ல.